இரும்பைக் கையில குடுக்காதப்பு

மாடி வீட்டுத் தம்பி ஞாயித்துக்கெழம காலையில போனை ஏந்திக்கிட்டுப் படியெறங்கி வந்தான். ஒலிம்பியா கட்டடத்துல கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி அமெரிக்காவுக்காக முழிச்சிருந்துட்டு, பகல்ல இந்தியாவுக்காகத் தூங்குற பய. "தாத்தா, நீங்க கிண்டி எஸ்டேட்டுல இரும்புக் கம்பெனியில இருந்தவருதானே? நல்ல கத்தியா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க"ன்னான்.

கீழ வண்டி நிறுத்துற எடத்துக்கு நடக்குற சண்டை கத்தி வரைக்கும் போயிருச்சாக்கும்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாருக்குடா?"

"எங்க மச்சானுக்கு."

"குடுக்கவா, காட்டவா? மொதல்ல அதச் சொல்லு. அதுக்கேத்தாப்லதான் கத்தி."

சிரிச்சான். அக்கா வீட்டுக்காரர் மலையேறுற ஆளாம். கொளுக்குமலை, கொடைக்கானல்னு லீவு கெடச்சா முதுகுல மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருவாராம். அடுத்த மாசம் பொறந்தநாளு. சட்டை குடுத்தா ஒரு வருசத்துல கரித்துணி, வாட்ச் குடுத்தா ஏற்கெனவே மூணு இருக்கு, அதனால ஆயுசுக்கும் கூட நிக்கிற மாதிரி ஒரு கத்தி. யோசனை என்னமோ நல்ல யோசனைதான். போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

பாத்தேன். அலகு மட்டும் 11 அங்குலம். முதுகுல ரம்பப் பல்லு. பிடியோட அடியில திசைகாட்டி. பிடியத் திருகினா உள்ள குழாய், அந்தக் குழாய்க்குள்ள தீக்குச்சி, தூண்டிமுள்ளு, ஊசி நூலு. உறையில ஒரு விசிலு. வெலை 12,000 ரூபா.

"எல்லாம் இருக்கு. கத்தி எங்கடா?"ன்னு கேட்டேன்.

ராம்போ படம் வந்தது 1982ல. அதுல அந்த ஆளு இந்த மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள ஒரு ஊர்ப் போலீசையே ஓடவிட்டான். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் மலையேறப் போற பயலுக அம்புட்டுப் பேரும் போலீசு தொரத்தப் போற மாதிரியே கத்தி தேடுறானுக. உன் மச்சானை யாரு தொரத்துறா? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எறங்கி வாங்கன்னு கைடுதான் தொரத்துவான்.

எங்க ஊரு மானாமதுரை பக்கம். வைகைக்கரை. எங்க பக்கத்துல இரும்பைப் பரிசாக் குடுக்குறது ஒரே ஒருத்தருக்குத்தான், அது கருப்பசாமிக்கு. நேந்துக்கிட்டவன் ஆசாரிகிட்டச் சொல்லி, ஆள் ஒசரத்துக்கும் மேல அருவா அடிச்சு, மாலை போட்டுத் தோள்ல தூக்கிட்டுப் போயிக் கோயில்ல நட்டுட்டு வருவான். எட்டடி, பத்தடி எல்லாம் உண்டு. அதுல ஒண்ணத் தொட்டுப் பாரு, வாயே இருக்காது, மொன்னை. ஆசாரி ஏமாத்திப்புட்டான்னு நெனைக்காத. கருப்பனுக்கு வெட்டுற சோலி கெடையாது, கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற சோலிதான். பாத்தாப் பயம் வரணும், அம்புட்டுத்தான் கணக்கு. நீ போன்ல காட்டுற இந்தச் சாமான் இருக்கே, இது கருப்பனுக்குப் பொருத்தம். வேணும்னா வாங்கி ஊருக்கு அனுப்பு, நட்டுருவோம். திசைகாட்டி இருக்குறதனால எந்தப் பக்கம் எல்லைன்னு அவருக்கும் ஒரு தெளிவு இருக்கும்.

உன் மச்சான் நிக்கிற ஆளா, வெட்டுற ஆளா?

பய முழிச்சான். "அக்காவுக்குப் போன் போடு. கடைசியா மலைக்குப் போனப்ப மச்சான் என்னத்த வெட்டுனாருன்னு கேளு"ன்னேன். போட்டான். அக்கா ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல இவன் மூஞ்சி சுருங்குது. எலுமிச்சம்பழம். நூடுல்ஸ் பாக்கெட்டு. வெங்காயம். டெண்ட்டுக் கயிறு ஒரு தடவை. விறகுச் சுள்ளி சீவப் போயி விரல்ல ஒரு தடவை. அந்த விரல்ல பட்டதைத்தான் அக்கா ரொம்ப நேரம் சொல்லிச்சு.

இதுக்கு எதுக்குப்பு 11 அங்குலம்? அலகு நாலு அங்குலம் இருந்தா எலுமிச்சைக்கும் ஆகும், கயித்துக்கும் ஆகும். முதுகுத் தடிமன் மூணு மில்லி போதும். ஆறு மில்லிக் கத்தியால தக்காளியை அறுத்துப் பாரு, அறுபடாது, நசுங்கித்தான் சாகும். கனமான கத்தியில பலம் இருக்குன்னு நெனைக்கிறவன் அதைச் சுமந்துக்கிட்டு மலையேறாதவன்.

இன்னொரு சங்கதியும் கெடக்கு. 1959ம் வருசத்து ஆயுதச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதோட விதிகள்ல அலகு 9 அங்குல நீளத்துக்கு மேல, இல்ல 2 அங்குல அகலத்துக்கு மேல போனா அது ஆயுதக் கணக்குல வந்து உக்காரும். வீட்டு வேலை, வெவசாயம், தொழில், ஆராய்ச்சிக்குன்னு இருக்குறதுக்கு மட்டும் விலக்கு. கதிர் அறுக்குறவன் கவலைப்பட வேண்டாம். ஆனா நீ ஈக்காட்டுத்தாங்கல்ல உக்காந்துக்கிட்டு வெவசாயத்துக்குன்னு சொன்னா எந்த ஏட்டையா நம்புவாரு? தாங்கல்னா ஏரிப்பு. இந்த ஊருப் பேருல மட்டும்தான் இப்ப அந்த ஏரி இருக்கு. அதுக்கு மேல மெட்ரோ ஓடுது. அந்த மெட்ரோவுல கூட உன் 11 அங்குலத்தை ஏத்த முடியாது, பையை மெசினுக்குள்ள விட்டுப் பாப்பான். ஏரோப்பிளேன்ல கையோட வச்சிருந்தாப் பிடுங்கிருவான், கீழ போற பெட்டியிலதான் போடணும்.

சரி, காட்டுக்குக் கொண்டு போயிட்டேன்னே வையி. கொடைக்கானல் காடு 2013லயே சரணாலயம் ஆயிருச்சு. சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட போறதுன்னா, 1972ம் வருசத்து வனவிலங்குச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துல அனுமதி குடுத்திருக்கணும். ஃபாரஸ்ட்காரர் பையைத் தொறந்தா உன் ராம்போவ என்னன்னு சொல்லுவ? பழம் வெட்ட வச்சிருக்கேன்னா, பலாப்பழமே அதப் பாத்துப் பயந்துரும். சின்னக் கத்தின்னா சாப்பாட்டுப் பைக்குள்ள வெங்காயத்தோட வெங்காயமாக் கெடக்கும். இருந்தாலும் உள்ள போறதுக்கு முன்னாடி செக்போஸ்ட்ல கேட்டுக்கிர்றது நல்லது. நமக்குப் பக்கத்துல இருக்குற காடுன்னாக் கிண்டி பூங்காதான். மூணு சதுரக் கிலோமீட்டர் கூடத் தேறாது. அங்க வழி தப்பிப் போயி மானைத் தின்னு உசுரு பொழைக்கிற நெலமை உன் மச்சானுக்கு வராதுன்னு நெனைக்கிறேன்.

"சரி தாத்தா, சின்னதே வாங்குவோம். இரும்பு எப்படிப் பாக்குறது?"ன்னான். இது கேள்வி. திண்ணை இருந்தா உக்காரச் சொல்லியிருப்பேன், அதுக்கு வழியில்ல. படிக்கட்டுல உக்காந்தோம்.

நான் மெட்ராசுக்கு வந்தது 1974ல. கிண்டி தொழிற்பேட்டை தொடங்கி அப்ப பதினாறு வருசம். 1958ல தொடங்குனது. இந்த ஈக்காட்டுத்தாங்கல் சந்துக அம்புட்டுலயும் லேத்து, டிரில்லிங், டை கடைதான். காலையில எட்டு மணிக்கு இரும்பு அறைபடுற சத்தத்துலதான் தெரு முழிக்கும். நான் சேந்தது ஹீட் ட்ரீட்மெண்ட் கடை. முப்பது வருசம் உலை வாசல்ல நின்னேன். அங்க என்னமோ பெரிய வித்தையச் சொல்லிக் குடுக்கப் போறாங்கன்னு போனா, எங்க ஊரு ஆசாரி கள்ளிச் செடிக்குப் பக்கத்துல உக்காந்து பண்ணுன அதே தோய்ச்சல்தான். அவரு பழுத்த நெறத்தக் கண்ணால பாத்துத் தண்ணியில விடுவாரு. இங்க மீட்டரப் பாத்து எண்ணெயில விடுவோம். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

எங்க ஊருக்கும் திருப்புவனத்துக்கும் நடுவுல மதுரை ரோட்டுல இருக்கு திருப்பாச்சேத்தி. 2005ல விஜய் படம் வந்ததுலேருந்து அந்தப் பேரைச் சொன்னாலே சின்னப் பயலுக கைய ஓங்கிக் காட்டுறானுக. அருவாளை அங்க ஓங்குறதுக்கு அடிக்கல, சீமைக்கருவேலத்த வெட்டவும் தேங்காய் உரிக்கவும் அடிக்கிறாங்க. அதுக்கு இரும்பு எங்கேருந்து வருது தெரியுமா? லாரி பட்டை. வண்டிக்கு அடியில வளைஞ்சு கெடக்கும்ல, ஸ்பிரிங் பட்டை, அதான். பத்து டன்னை முதுகுல தாங்கிக்கிட்டுக் குண்டுங்குழியுமா ஓடி ஓடி ஒடையாம நின்ன இரும்பு. அதுல கார்பன் அரைச் சதத்துக்குக் கொஞ்சம் மேல. வளையவும் செய்யும், வாயும் பிடிக்கும்.

ஆனா இரும்பு மட்டும் நல்லதா இருந்து புண்ணியமில்ல. நல்ல பருப்பை எடுத்து வேகவைக்காமப் பரிமாறுன கதையாயிரும். இரும்பைச் சுட்டுப் பழுக்க வச்சா, 770 டிகிரிப் பக்கம் ஒரு எடத்துல காந்தம் அதைத் தொட மாட்டேங்கும். எங்க ஆசாரி பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தக் கம்பியில கட்டித் தொங்கவிட்டிருப்பாரு, அதை வச்சுத்தான் பாப்பாரு. காந்தம் ஒட்டாத எடத்துலேருந்து இன்னும் கொஞ்சம் ஏத்தி, சட்டுனு எண்ணெயில விட்டா இரும்பு கல்லு மாதிரி எறுகிரும். அப்படியே விட்டுட்டாக் கீழ விழுந்தாக் கண்ணாடி மாதிரித் தெறிச்சுரும். அதனால திரும்ப எளஞ்சூடு காட்டணும், 200 டிகிரிக்கு மேல கொஞ்சம். மேல தேச்சுவிட்ட எடத்துல வைக்கோல் நெறம் பூத்து வரும். அந்த வைக்கோல் நெறத்துல நிறுத்துனாக் கத்தி. இன்னும் சூடு போயி நீலம் பூத்தா ஸ்பிரிங். இந்த நெறத்துக்கும் அந்த நெறத்துக்கும் நடுவுல ஒரு பீடி பத்தவைக்கிற நேரம்தான் இருக்கு. அந்த நேரத்துல பேசுனா எங்க மேஸ்திரி குறட்டைத் தூக்கிருவாரு.

வாங்குற கடையில இதையெல்லாம் கேக்க முடியாது. அதுக்கு ஒரு எண்ணு இருக்கு, ராக்வெல்னு. வைரக் கூம்பை 150 கிலோ பாரத்துல இரும்பு மேல அழுத்தி எம்புட்டு ஆழம் எறங்குதுன்னு பாத்துச் சொல்லுற கணக்கு. காட்டுக்குக் கொண்டு போற சின்னக் கத்திக்கு 56லேருந்து 60 வரைக்கும் இருந்தாப் போதும். பெட்டியில அந்த எண்ணே போடாம, "அதிபயங்கர உறுதி", "ராணுவத் தரம்"னு போட்டிருந்தா அவனுக்கே எண்ணு தெரியாதுன்னு அர்த்தம். எந்த ராணுவம்னு கேட்டுப் பாரு, பதில் வராது.

இப்ப பய இன்னொண்ணக் காட்டினான். பேரு டமாஸ்கஸ். அலகு பூரா தண்ணி அலையடிச்ச மாதிரிக் கோலம். வெலை முன்னதை விட ரெண்டாயிரம் கூட.

எனக்குச் சிரிப்பு தாங்கல. டேய், அந்தக் கோலம் யாரு வீட்டுக் கோலம்னு தெரியுமா? பேத்தி எனக்குப் படிச்சுக் காட்டுனா. நம்ம உருக்கு இருக்குல்ல, கன்னடத்துல உக்கும்பாங்க, அதுதான் வெள்ளைக்காரன் வாயில வூட்ஸ். மூசைக்குள்ள இரும்பை வச்சுக் கரி, எலை தழையோட மூடி உருக்குறது. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டுனப்ப இரும்பு உருக்குன உலையெல்லாம் கெடச்சிருக்கு. இந்தக் கட்டி கப்பலேறி மேக்க போயி, டமாஸ்கஸ் பக்கத்துல வாளாகி, வித்த ஊரு பேரு நின்னுச்சு, வெளஞ்ச ஊரு பேரு போச்சு. 1795ல பியர்சன்னு ஒருத்தரு இதைச் சோதிச்சு லண்டன் ராயல் சொசைட்டியில கட்டுரை படிச்சாரு. மின்சாரத்துக்குப் பேர் போன ஃபாரடே இருக்காரே, கொல்லன் வீட்டுப் புள்ளை, அவரும் 1819ல இதை ஆராய்ஞ்சு எழுதுனாரு. அதுக்கெல்லாம் ரெண்டாயிரம் வருசம் முன்ன, அலெக்சாந்தர் வடக்க வந்தப்ப, தோத்துப்போன கூட்டத்துக்காரங்க அவருக்கு 100 தாலந்து வெள்ளை இரும்பைக் காணிக்கையாக் கொண்டாந்ததா ரோமாக்காரரு ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு. இரும்பைப் பரிசாக் குடுக்குறதுல நீ மொத ஆளு இல்லப்பு. ஆனா அந்தக் காலத்துல கட்டியாக் குடுத்தாங்க. திசைகாட்டி வச்சுக் குடுக்கல.

இப்ப வர்ற டமாஸ்கஸ் வேற. ரெண்டு வகை இரும்பை அடுக்கி, அடிச்சு மடிச்சு, திராவகத்துல முக்குனா வரி தெரியும். ஒழுங்காப் பண்ணுறவங்களும் இருக்காங்க, அது நல்ல கத்திதான், வெலையும் அதுக்குத் தக்கன. ஆனா சல்லிசா விக்கிறதுல பாதி, தகரத்து மேல லேசர்ல கோலம் போட்டது. உப்புத்தாளை வச்சு ஓரத்துல ரெண்டு இழுப்பு இழுத்து, திரும்பத் திராவகத்துல நனைச்சா நெசக் கோலம் திரும்பி வரும், பொய்க் கோலம் வராது. பரிசு குடுக்குற கத்தியில போயி உப்புத்தாள் போடுவியா நீ? மாட்ட. அது அவனுக்கும் தெரியும். நம்ம உருக்கு பேரச் சொல்லி நம்ம தலையிலயே மொளகா அரைக்கிறான்.

இங்கயே சந்துக்குள்ள ஒரு டை கடைக்குப் போ. தகட்டுல துளை போடுற 'பஞ்ச்' பண்ண ஒரு இரும்பு வச்சிருப்பாங்க, எச்சிஎச்சிஆர்னு சொல்லுவாங்க. கிலோக் கணக்குல வாங்குறது. அதேதான் போன்ல டி2ன்னு பேரு மாத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு. நல்ல இரும்பு, இல்லேன்னு சொல்லல. வாயி லேசுல மழுங்காது. ஆனா மழுங்கிட்டா உன் மச்சான் அதைத் தீட்டுறதுக்குள்ள பென்சன் வாங்கிருவாரு.

அப்புறம் பிடி. கடைக்காரன் அலகைத்தான் காட்டுவான், நீ பிடியப் பாரு. அலகு இரும்பு பிடிக்குள்ள முடிவு வரைக்கும் ஓடணும், ரெண்டு பக்கமும் கட்டையப் பொருத்தி ஆணி அடிச்சிருக்கணும். எலி வால் மாதிரி ஒரு கம்பிய உள்ள சொருகிப் பசை போட்டது, சுள்ளிய நெம்புனா அன்னைக்கே கையோட வந்துரும். குழாய்ப் பிடி அதை விட மோசம், அதைப் பின்னாடி சொல்லுறேன். ஈரக் கையால பிடிச்சுப் பாரு. வழுக்குச்சுன்னா வச்சுரு. விரலுக்குன்னு பள்ளம் பள்ளமா வெட்டியிருந்தா, அந்தப் பள்ளம் யாரு விரலுக்கு வெட்டுனதுன்னு யோசி. உன் மச்சான் விரலை அளந்து எவனும் வெட்டியிருக்க மாட்டான்.

"அப்ப என்னதான் வாங்குறது?"ன்னு அலுத்துக்கிட்டான்.

இருப்பா. சுவீடன்ல மோரான்னு ஒரு ஊரு, நம்ம திருப்பாச்சேத்தி மாதிரி. 1891ல ஆரம்பிச்ச கம்பெனி அங்க இன்னும் கத்தி பண்ணுது. பாத்தா ஒண்ணும் இருக்காது, தச்சன் கையில கெடக்குற கத்தி மாதிரி இருக்கும். பிரான்சு மலைநாட்டுல ஓபினெல். 1890ல ஒரு பதினெட்டு வயசுப் பய பண்ணுனது. மரப்பிடி, மடக்குக் கத்தி, கழுத்துல ஒரு வளையம், அதத் திருகுனா அலகு மடங்கி விரலக் கடிக்காது. அந்த வளையம் கூட 1955லதான் வந்துச்சு, அது வரைக்கும் அவங்கவங்க விரலு அவங்கவங்க பாடு. சுவிஸ்காரன் சிவப்புக் கத்தி உனக்கே தெரியும், அத ஆரம்பிச்ச ஆளு 1884ல பட்டறை போட்டாரு. இந்த மூணும் அந்தந்த ஊர்ல மாடு மேய்க்கிறவனும், பட்டாளத்தானும், விறகு வெட்டுறவனும் சாப்பாட்டுக்கு ரொட்டி அறுத்த கத்தி. நூறு வருசமாப் பெருசா மாறாம இருக்குன்னா, மாத்த வேண்டிய அவசியம் வரல. வெலையும் உன் 12,000த்துக்குப் பக்கத்துல வராது. மிச்சக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கிக் குடு. மலையேறுறவனுக்குக் கத்தியை விடக் காலு முக்கியம்.

இல்ல, நம்ம ஊர்ச் சரக்குதான் குடுப்பேன்னா, ஆசாரிகிட்ட நாலு அங்குலத்துல ஒண்ணு சொல்லிச் செய்யலாம். அருவா அடிக்கிறவருக்கு இது பாக்கு வெட்டுற மாதிரி. ஒரே சங்கடம், அவரு பெட்டி போட்டு ரிப்பன் கட்டித் தர மாட்டாரு. தினத்தந்தியில சுத்தித் தருவாரு.

துருவப் பத்திக் கேட்டான். கேக்க வேண்டியதுதான், மெட்ராஸ் காத்துல உப்பு இருக்கு. எவர்சில்வர்ல 12 சதம் குரோமியம் இருக்குறதனால லேசுல துரு ஏறாது. மழையில நனையிறவன், கழுவாமப் பையில போடுறவன், சோம்பேறி, இவங்களுக்கு அதுதான் லாயக்கு. கார்பன் இரும்பு பொண்டாட்டி மாதிரி, கவனிச்சாக் கடைசி வரைக்கும் நிக்கும், கவனிக்கலேன்னா மறுநாளே மூஞ்சி சிவந்துரும். வெட்டுனதும் தொடச்சு ஒரு சொட்டுத் தேங்காண்ணெய். மாங்கா, எலுமிச்சை பட்டுப்பட்டு அலகு கருத்துப்போகும், அதைத் தேய்ச்சு எடுக்காத, அது துருவைத் தடுக்குற கருப்பு. இன்னொண்ணு, தோலுறைக்குள்ளயே போட்டு அலமாரியில வைக்காத. தோலு ஈரத்தக் குடிச்சு வச்சுக்கிட்டு அலகை உள்ளயே தின்னுரும். அழகா இருக்குன்னு தோலுறையோட பூட்டி வச்சு, ஆயுதபூசைக்கு எடுத்துப் பொட்டு வைக்கிறப்ப அலகு உறையோட ஒட்டிக்கிட்டு வராமப் போன கதை நம்ம தெருவுலயே உண்டு.

ஆனா இம்புட்டுப் பேசினதுல நெசமான கேள்விய நீ கேக்கவே இல்ல. அது மழுங்குனா யாரு தீட்டுறது?

மழுங்காத கத்தி எவனும் இதுவரைக்கும் பண்ணல. "ஆயுசுக்கும் தீட்ட வேண்டாம்"னு எவனாவது எழுதியிருந்தா, அவன் சொல்லுறது கத்தியோட ஆயுசு. நம்ம தெருவுல சைக்கிள்ல சக்கரத்தை மாட்டிக்கிட்டு ஒருத்தரு வருவாரு, சாணை பிடிக்கிறவரு. அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவருதான் வைத்தியரு. ஆனா நல்ல கத்தியை அவருகிட்டக் குடுத்தா நாமளும் பக்கத்துலயே நிக்கணும். பொறி பறக்கப் பறக்க அழுத்திப் பிடிச்சாருன்னா, வாய் ஓரத்துல நீலம் பூக்கும். பூத்துச்சா, நாங்க உலையில நின்னு வாங்குன தோய்ச்சல் அம்புட்டும் அரை நிமிசத்துல போச்சு. தண்ணியத் தொட்டுத் தொட்டுப் பிடிங்கண்ணேன்னு பதமாச் சொல்லணும். "உனக்குத் தெரிஞ்சா நீயே பிடி"ம்பாரு. அதையும் கேட்டுக்கணும்.

அதனால கத்தியோட ஒரு கல்லும் குடு. கார்போரண்டம் கல்லு, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைசு. எங்கேருந்தோ வரவழைக்க வேண்டாம், 1954ல ஆரம்பிச்ச கார்போரண்டம் கம்பெனி நம்ம திருவொற்றியூர்லதான் இருக்கு. கத்தி முதுகுக்கும் கல்லுக்கும் நடுவுல சுண்டுவிரல் நுனி நுழையுற சந்து விட்டு, கல்லையே மெல்லிசாச் சீவுற மாதிரித் தள்ளணும், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. மச்சான் அதைப் பண்ணுற ஆளுன்னா எந்தக் கத்தியும் அவரு கையில முப்பது வருசம் நிக்கும். பண்ண மாட்டாருன்னா, நீ லட்ச ரூபாய்க்கு வாங்கிக் குடுத்தாலும் தீபாவளிக்குள்ள வெண்ணெய் வெட்டுறதுதான்.

பய கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே தாத்தா"ன்னான்.

இருக்கு. எடுத்தாந்து காட்டுனேன். எங்கப்பா 1974ல நான் பஸ் ஏறுறப்ப குடுத்தது, லாரி பட்டையில ஆசாரி அடிச்ச சின்னக் கத்தி. அன்னைக்கு ரெண்டு விரல் அகலம் இருந்துச்சு, இப்ப ஒண்ணேகால். மிச்சமெல்லாம் கல்லுல போச்சு. பிடி மூணாவது பிடி. எங்கப்பா அதைக் கையில குடுக்கல. தரையில வச்சு, எடுத்துக்கன்னாரு. இரும்பைக் கைக்குக் கை குடுத்தா உறவு வெட்டிக்கும்பாங்க எங்க பக்கம். அதோட, சும்மாக் குடுக்கக்கூடாது, ஒத்த ரூபாய் குடுன்னும் கேட்டாரு. எங்கிட்ட ஏது? வழிச்செலவுக்கு அவரு குடுத்த காசுலேருந்தே ஒரு ரூபாயை எடுத்து அவருக்கே குடுத்தேன். வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டாரு. வெள்ளைக்காரனுக்கும் இந்தப் பயம் உண்டாம், கத்தி குடுத்தா ஒரு காசு வாங்கிக்குவானாம். அவனுக்கும் மச்சான் இருப்பான்ல.

2015 டிசம்பர்ல அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள்ள வந்துச்சே, அப்ப நாங்க கீழ்வீட்டுலதான் இருந்தோம். இப்பவும் அங்கதான் இருக்கோம், புத்தி வரல. காட்டைத் தேடி நாம போறோம், அன்னைக்குக் காடு நம்ம படிக்கட்டுக்கே வந்துச்சு. எங்க பேரன்கிட்ட நீ காட்டுன மாதிரியே ஒண்ணு இருந்துச்சு, குழாய்ப் பிடி. கம்பிக் கதவு சேத்துல சிக்கித் தொறக்கல. இதுக்குத்தானே வச்சிருக்கோம்னு அதைச் சொருகி நெம்புனான். பிடி கையோட வந்துருச்சு, அலகு தண்ணிக்குள்ள போயிருச்சு. மிச்சம் இருந்தது திசைகாட்டி. அது வடக்கச் சரியாக் காட்டுச்சு. நாலு பக்கமும் தண்ணி. அப்புறம் கடக்கரைத் தம்பிக படகோட வந்தாங்க. படகுக் கயிறு முழுகிக் கெடந்த மோட்டார் சைக்கிள்ல சுத்திக்கிருச்சு. எங்கப்பா கத்திதான் அறுத்துச்சு. மறுபடி அதை எங்க வச்சேன்னு தெரியல, தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு பீரோ அடியில சேத்தோட சேறாக் கெடந்துச்சு. மண்ணெண்ணெயும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன். அலகுல அங்கங்க அம்மைத் தழும்பு மாதிரி இருக்குல்ல, அது அப்ப வந்தது.

போனவன் மூணு நாள் கழிச்சுத் திரும்ப வந்தான். மரப்பிடி போட்ட சின்னக் கத்தி ஒண்ணும், கல்லு ஒண்ணும் வாங்கி மச்சானுக்கு முன்கூட்டியே அனுப்பிட்டானாம். "கல்லு வாங்குனாக் கத்தி இலவசமா?"ன்னு மச்சான் கேட்டாராம். நல்ல மனுசன், பொழைச்சுக்குவாரு.

ஆனா பய போகல. படிக்கட்டுலயே நின்னான். தலையைச் சொறிஞ்சான். "தாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ஒண்ணு வேணும்போல இருக்கு. உங்க கத்தியக் குடுக்குறீங்களா?"

நான் மறுபேச்சுப் பேசல. உள்ள போயி எடுத்தாந்து, அவன் முன்னாடி தரையில வச்சேன். "எடுத்துக்க. ஒத்த ரூபாய் குடு."

சட்டைப் பையத் தடவுனான். பேண்ட்டுப் பைய வெளிய இழுத்துப் பாத்தான். பர்சுல நாலு கார்டு இருந்துச்சு. மேல அண்ணாந்து பாத்து அம்மாவக் கூப்புடலாமான்னு யோசிச்சான். கடைசியில போனை எடுத்து, "நம்பர் சொல்லுங்க தாத்தா, ஜிபே பண்ணிர்றேன்"ன்னான்.

"அது இரும்புக்குச் செல்லாதுப்பு"ன்னுட்டு கத்திய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.

இந்தக் காலத்துப் பயலுக பையில ஒத்த ரூபாய் இருக்காதுன்னு தெரியாமயா கேட்டேன்?